நான்கு இழைப் பின்னல்களும் பூராவ் உருவகமும்: கணினித் தேடலுக்கு எந்த வழியைத் தேர்வது?

இழைகளைப் பின்னும் விதங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பெருக்கும் கணித அமைப்புகளே பின்னல் குலங்கள். எமில் ஆர்ட்டின் 1925இல் வரையறுத்த இக்குலங்களில் மூன்று, ஐந்து, ஆறு இழைகளுக்கு விடை தெரிந்த ஒரு கேள்வி, நான்கு இழைகளுக்கு மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது. வெர்னர் பூராவ் 1930களின் நடுவில் ஒவ்வொரு பின்னலுக்கும் ஓர் அணியை ஒதுக்கித் தரும் முறையொன்றை அமைத்தார். அதுவே பூராவ் உருவகம். நான்கு இழைகளுக்கு அது மூன்று வரிசையும் மூன்று நிரலும் கொண்ட அணி. அதன் உறுப்புகள் ஒரே மாறியின் நேர், எதிர் அடுக்குகளால் ஆன முழுவெண் கெழுக்களையுடைய கோவைகள். பின்னலே இல்லாத நேரான இழைகளைத் தவிர வேறு எந்தப் பின்னலாவது இந்த முறையில் அலகு அணியாக மாறுகிறதா என்பதுதான் கேள்வி. மாறினால் உருவகத்துக்கு உட்கரு (அலகு அணியாக மாறும் பின்னல்களின் தொகுதி) உண்டு. இல்லையேல் உருவகம் ஒன்றுக்கொன்றானது.

மூன்று இழைகள் வரை உருவகம் ஒன்றுக்கொன்றானது என்பது 1969 முதலே தெரியும். ஒன்பதும் அதற்கு மேலும் இழைகள் இருந்தால் அப்படியல்ல என்று ஜான் மூடி 1991இல் காட்டினார். லாங், பேட்டன் இருவரும் 1993இல் அந்த எல்லையை ஆறுக்குக் கொண்டுவந்தனர். ஸ்டீபன் பிகலோ 1999இல் ஐந்து இழைகளுக்கும் உட்கருவில் ஒரு பின்னலைக் காட்டினார். எஞ்சியிருப்பது நான்கு. நான்கு இழைகளில் அப்படியொரு பின்னல் கிடைத்தால், முடிச்சுகளை வேறுபடுத்த உதவும் ஜோன்ஸ் பல்லுறுப்புக் கோவை அற்ப மதிப்பையே (முடிச்சில்லாத வளையத்துக்குரிய மதிப்பையே) தரும், ஆனால் அவிழ்க்க முடியாத, ஒரு முடிச்சு உண்டு என்பதும் அதிலிருந்து தொடரும். வான் ஜோன்ஸ் 1984இல் அந்தக் கோவையைக் கண்டுபிடித்த நாள் முதல் முடிச்சுக் கோட்பாட்டில் விடை தேடப்படும் கேள்வி அது. ஆகவே, நான்கு இழைகள் பற்றிய இந்தச் சிறிய எச்சம் சிறியதே அல்ல.

இந்தக் கேள்வியைக் கணினியின் துணையோடு அணுக விரும்பும் ஓர் ஆய்வு மாணவர், அல்லது கணிதப் பயிற்சியுள்ள ஒரு நிரலாளர், வீட்டு மேசையில் 16 கிகாபைட் நினைவகமுள்ள ஒரு கணினியையும் சில மாத உழைப்பையும் மட்டுமே கையில் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் முன் குறைந்தது நான்கு வழிகள் உள்ளன. எந்த வழி எதைத் தரும், எதைத் தராது என்பதை ஒப்பிட்டு, என் தேர்வையும் அதற்கான காரணங்களையும் இங்கே வைக்கிறேன்.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கணினித் தேடல் இந்தக் கேள்வியின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே விடை தர வல்லது. உட்கருவில் ஒரு பின்னல் கிடைத்துவிட்டால் அது முழுமையான நிரூபணம். எவரும் தம் கணினியில் நொடிப்பொழுதில் சரிபார்க்கலாம். கிடைக்காவிட்டால் உருவகம் ஒன்றுக்கொன்றானது என்று எத்தனை ஆண்டுத் தேடலும் சொல்லிவிடாது. எனவே, வழிகளை எடைபோடும்போது 'எது வேகமானது' என்பதைக் காட்டிலும், 'ஒன்றும் கிடைக்காதபோது என் கையில் எது எஞ்சும்' என்பதையும், 'இலக்கை நெருங்குகிறேனா என்று இந்த வழி எனக்கு உணர்த்துமா' என்பதையும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கீழே வரும் தேர்வுகள் எல்லாம் இந்த இரு கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன.

முதல் வழி, எல்லாப் பின்னல்களையும் நீள வரிசையில் எடுத்துப் பார்ப்பது. ஒரே பின்னலைப் பல சொற்களால் எழுதலாம் என்பதால், பிறப்பாக்கிகளின் (அடுத்தடுத்த இரு இழைகளை ஒருமுறை குறுக்கிடச் செய்யும் அடிப்படைப் பின்னல்களின்) சொற்களை அப்படியே எண்ணிக்கொண்டு போனால் அதே பின்னலைத் திரும்பத் திரும்பச் சந்திப்போம். இதைத் தவிர்க்க உதவுவது கார்சைடு நியம வடிவம். நான்கு பொருள்களின் 24 வரிசைமாற்றங்களுக்கும் ஒவ்வோர் எளிய பின்னல் உண்டு. அவற்றில் அலகையும் (நேரான இழைகள்) அரைச் சுற்றையும் (எல்லா இழைகளையும் சேர்த்து அரைச் சுற்று முறுக்கிய பின்னல்; இரண்டு சேர்ந்தால் முழுச் சுற்று) ஒதுக்கினால் 22 எஞ்சும். அரைச் சுற்றின் ஓர் அடுக்கும், அதைத் தொடர்ந்து இந்த 22இல் குறிப்பிட்ட அண்டை விதிக்கு உட்பட்டு அடுக்கப்படும் காரணிகளும் சேர்ந்து, ஒவ்வொரு பின்னலையும் ஒரே விதமாக எழுதித் தருகின்றன. எந்தக் காரணிக்கு அடுத்து எது வரலாம் என்பது காரணியைப் பொறுத்து 3, 5 அல்லது 11 தெரிவுகளாக அமைகிறது. அரைச் சுற்றின் அடுக்கைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு காரணி நீளத்தில் 22 பின்னல்களும், இரண்டில் 164உம், மூன்றில் 982உம், நான்கில் 5,528உம் உள்ளன. அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை ஏறத்தாழ 5.45 மடங்காகிறது, துல்லியமாகச் சொன்னால் இந்தப் பெருக்கம் 3 + √6ஐ நெருங்குகிறது. நீளம் 10இல் சுமார் 14.7 கோடிப் பின்னல்கள். நீளம் 20இல் சுமார் 34 கோடி கோடி. மேசைக் கணினியின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

ஆனாலும் இந்த வழியை இரு மடங்கு தூரம் தள்ளும் உத்தி ஒன்று உண்டு. நீளம் 10 வரையுள்ள எல்லாப் பின்னல்களின் அணிகளையும் ஒரு ஹாஷ் அட்டவணையில் (ஒரே மதிப்புள்ளவற்றை விரைவாகக் கண்டறிய உதவும் சேமிப்பு முறை) சேமித்து, இரு வேறு பின்னல்கள் ஒரே அணியைத் தருகின்றனவா என்று பார்ப்பது அது. அப்படி ஓர் இணை அகப்பட்டால், ஒன்றையும் மற்றதன் தலைகீழையும் (அதை அவிழ்த்துவிடும் பின்னலையும்) பெருக்கினால் உட்கருவின் உறுப்பு கிடைத்துவிடும். கோவைகளை முழுமையாகச் சேமித்தால் நினைவகம் போதாது. ஆகவே மாறிக்குப் பதிலாக ஒரு தற்போக்கு எண்ணை இட்டு, 2,147,483,647 என்ற பகா எண்ணை மட்டாகக் கொண்டு (அதாவது அதனால் வகுத்த மீதியை மட்டும் வைத்து) கணக்கிட்டால், ஓர் அணிக்கு 36 பைட்டுகள் போதும். நீளம் 10க்குரிய 14.7 கோடி அணிகளுக்கு மட்டும் அது 5.3 கிகாபைட்டுக்குச் சற்றே குறைவு. தவறான பொருத்தம் ஏற்படும் அச்சம் இருக்கலாம். படி 250ஐத் தாண்டாத, பூச்சியமல்லாத ஒரு கோவைக்கு அதிகபட்சம் 250 மூலங்களே இருக்க முடியும் என்பதால், ஒரு தற்போக்கு எண்ணில் அது ஏமாற்றும் வாய்ப்பு ஒரு கோடிக்கு ஒன்று அல்லது இரண்டு அளவே. இரண்டாவதாக ஓர் எண்ணையும் இட்டுப் பார்த்தால் அந்த ஐயமும் ஏறக்குறைய மறைந்துவிடும். மிஞ்சுவதை முழுக் கோவைகளால் சரிபார்க்கலாம். முழுச் சுற்று எல்லா உறுப்புகளையும் மாறியின் நான்காம் அடுக்கால் பெருக்குவதோடு நின்றுவிடுவதால், ஒப்பிடும் முன் ஒவ்வோர் அணியையும் பூச்சியமல்லாத ஓர் உறுப்பால் வகுத்துச் சீராக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் உண்மையான பொருத்தங்கள் தவறிப்போகும்.

இந்த வழியின் பலம் அதன் நேர்மை. ஒன்றும் கிடைக்காவிட்டாலும், 'இந்த நீளம் வரை உட்கருவில் எதுவும் இல்லை' என்ற உறுதியான கூற்று கையில் நிற்கும். அதன் குறை, இலக்கை நெருங்குகிறோமா என்று அது ஒருபோதும் சொல்லாது என்பது. மாறிக்கு எண்ணை இட்டவுடன் கோவையின் படி பற்றிய செய்தி அழிந்துபோகிறது. ஒவ்வொரு பின்னலும் 'ஆம்', 'இல்லை' என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. நீளம் 20க்குள் விடை இருக்கும் என்று நம்பவும் எனக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை.

இரண்டாவது வழி முதற்பார்வைக்கு மிகக் கவர்ச்சியானது. நான்கு இழைக் குலத்திலிருந்து மூன்று இழைக் குலத்துக்கு, முதல், மூன்றாம் பிறப்பாக்கிகள் இரண்டையும் முதற்பிறப்பாக்கிக்கும் இரண்டாவதை இரண்டாவதுக்கும் அனுப்பும் ஒரு கோத்தல் (பெருக்கலைக் காக்கும் சார்பு) உண்டு. அதன் உட்கரு இரு பிறப்பாக்கிகளாலான கட்டற்ற குலம் (பிறப்பாக்கிகளுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லாத குலம்) என்று கோரினும் லினும் 1969இல் காட்டினர். பூராவ் உருவகம் ஒன்றுக்கொன்றானதா என்ற கேள்வி முழுவதும், இந்த இரு பிறப்பாக்கிகளின் அணிகள் கட்டற்ற குலத்தை உண்டாக்குகின்றனவா என்ற கேள்விக்குச் சமம் என்பதை ஜோன் பர்மன் 1974இல் எடுத்துவைத்தார். அப்படியானால் இரண்டே அணிகள். எழுத்து, அதன் தலைகீழ் என நான்கு குறிகள். அடுத்தடுத்து ஒன்றையொன்று அழிக்காத சொற்கள் மட்டும். 10 எழுத்துச் சொற்கள் 78,732 மட்டுமே. 20 எழுத்துகளில் சுமார் 465 கோடி. நிரல் எழுத ஒரு மாலை போதும்.

இந்தக் கவர்ச்சிக்கு ஆட்பட வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் கட்டற்ற குலம் பின்னல் குலத்துக்குள் மிகவும் முறுக்கப்பட்ட நிலையில் அமர்ந்திருக்கிறது. முதற்பிறப்பாக்கியையும் இரண்டாவதன் தலைகீழையும் மாறி மாறிப் பத்து முறை எழுதி, அதன் நடுவே கட்டற்ற குலத்தின் ஒரு பிறப்பாக்கியை வைத்து, மறுபக்கம் அதே கோவையைத் தலைகீழாக எழுதி மூடினால், பின்னல் மொழியில் அது 42 எழுத்துகள்தாம். ஆனால் அதே பின்னலைக் கட்டற்ற குலத்தின் இரு எழுத்துகளால் எழுத இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் தேவைப்படும். ஏனெனில் ஒவ்வொரு சுற்றுக்கும் நீளம் ஏறத்தாழ 2.618 மடங்காகப் பெருகுகிறது. ஆகவே கட்டற்ற குலத்தில் 20 எழுத்து வரை துருவிப் பார்த்ததாகச் சொல்வது, பின்னல் குலத்தின் மிகக் குறுகிய ஒரு மூலையை மட்டும் பார்த்ததாகும். பர்மனின் கூற்று நிரூபணம் தேடுவோருக்குப் பெரும் துணை. தேடல் நிரல் எழுதுவோருக்கு அது ஏற்ற வழியல்ல.

மூன்றாவது வழி பிகலோவுடையது. ஐந்து இழைகளுக்கு வெற்றி தந்த வழி அது என்பதால் தனி மதிப்புக்கு உரியது. பின்னல்களை விட்டுவிட்டு, நான்கு துளைகள் கொண்ட ஒரு வட்டத்தகட்டில் வரையப்பட்ட இரு வளைகோடுகளை எடுத்துக்கொள்கிறோம். அவை வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும், துளைகளைச் சுற்றிவரும் எண்ணிக்கையைப் பொறுத்து, மாறியின் ஓர் அடுக்கை நேர் அல்லது எதிர்க் குறியோடு எழுதிக் கூட்டுகிறோம். இந்தக் கூட்டுத்தொகை பூச்சியமாக இருந்தும், கோடுகளை எவ்வளவு நகர்த்தினாலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாமலிருந்தால், அவற்றைச் சுற்றிய இரு முறுக்கல்கள் அணிகளில் இடம்மாறும் (பெருக்கும் வரிசை விளைவை மாற்றாது), பின்னல்களில் இடம்மாறா. அவற்றைக் கொண்டு அமைக்கும் பரிமாற்றுச் சொல் (முதலாவது, இரண்டாவது, முதலாவதன் தலைகீழ், இரண்டாவதன் தலைகீழ் என்ற பெருக்கல்) உட்கருவில் விழும். ஐந்து இழைகளுக்குப் பிகலோ தந்த பின்னல் இந்த வடிவத்தில் 120 எழுத்துகள் கொண்டது. ஆறு இழைகளுக்கு அவர் தந்தது 44 எழுத்துகள். உட்கரு இருக்குமானால் இப்படியொரு வளைகோட்டு இணை கட்டாயம் இருந்தே தீரும் என்பதுதான் இந்த வழியின் அழகு. இது ஊகத்தின் பேரில் செய்யும் தேடல் அல்ல.

எண்ணிக்கையும் இங்கே வேறு விதமாக நடந்துகொள்கிறது. இரு கோடுகளில் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றினால் போதும். நான்கு துளைத் தகட்டில் வளைகோடுகளை நான்கு முழு எண்களால் குறிக்க முடியும். எனவே குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வெட்டும் கோடுகளின் தொகை, அந்த எண்ணிக்கையின் நான்காம் அடுக்கைப் போல வளர்கிறது. அடுக்கேற்றமாகப் பெருகும் பின்னல் எண்ணிக்கைக்குப் பழகிய கண்ணுக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பின்னலை நீட்டிக்கொண்டே போனால் அது நகர்த்தும் வளைகோடு வெட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை, பொதுவாக அடுக்கேற்றமாகவே பெருகும். ஆயிரம் வெட்டுப்புள்ளிகள் வரை முழுமையாகத் தேடுவது ஒரு லட்சம் கோடி அளவிலான கோடுகளைத் தொடுவதாகும். ஆனால் 50 காரணி நீளமுள்ள சராசரிப் பின்னல் தன் கோட்டை ஆயிரத்தைத் தாண்டி எங்கோ கொண்டுபோயிருக்கும். ஆக, பிகலோவின் வழி தன் வட்டத்துக்குள் எதையும் விட்டுவைக்காது. அந்த வட்டத்தைப் பெரிதாக்குவதுதான் கடினம். முதல் வழியைப் போலவே இங்கும் தோல்வி ஒரு தேற்றமாகப் பயன்படும். முதல் வழியைவிட அந்தத் தேற்றம் இயற்கையானது என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, வளைகோடுகளை வரைந்து பார்த்து உருவாகும் உள்ளுணர்வை வேறு எந்த வழியும் தருவதில்லை.

நான்காவது வழி மிகப் புதியது. சிட்னியைச் சேர்ந்த ஜோயல் கிப்சன், ஜியார்டி வில்லியம்சன், ஓடெட் யாகோபி ஆகிய மூவரும் 2023இல் இதைக் கொண்டு, நான்கு இழைப் பூராவ் உருவகம் மட்டு 5இல் ஒன்றுக்கொன்றானதல்ல என்று காட்டினர். மட்டு 2க்கும் மட்டு 3க்கும் அதே விடையைக் கூப்பரும் லாங்கும் 1990களின் பிற்பகுதியிலேயே கண்டிருந்தனர். அடுத்த பகா எண்ணுக்குச் செல்லக் கால் நூற்றாண்டு ஆனது. இந்த வழியின் மையக் கருத்து எளியது, அதனாலேயே வலிமையானது. ஓர் அணியில் உள்ள எல்லாக் கோவைகளையும் சேர்த்துப் பார்த்து, மிக உயர்ந்த அடுக்குக்கும் மிகத் தாழ்ந்த அடுக்குக்கும் உள்ள இடைவெளியை அதன் படி விரிவு என்று கொள்வோம். அலகு அணிக்கு அது பூச்சியம். முழுச் சுற்றால் பெருக்கினாலும் மாறாது. சராசரிப் பின்னலுக்கோ நியம வடிவம் நீள நீளப் படி விரிவும் கூடவே வளரும். ஆகவே, நீளம் கூடியும் விரிவு பின்தங்கி நிற்கும் பின்னல்களே நமக்கு வேண்டியவை. இலக்கு தொலைவில் இருக்கும்போதே திசையைக் காட்டும் அளவுகோல் மற்ற மூன்று வழிகளில் எதிலும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

இனி, சிறிய விரிவுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் தேடல் விரைவில் ஒரே குடும்பத்துப் பின்னல்களுக்குள் சிக்கிக்கொள்ளும். அவை எல்லாம் ஒரே முட்டுச்சந்தில் முடிந்தால் திரும்பி வர வழியிராது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு விரிவுக்கும் தனித்தனித் தொட்டி வைத்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சேர்க்காமல் வைத்திருப்பதே முறை. ஒரு தொட்டிக்கு எத்தனை பின்னல்கள் வந்து சேரும் என்று முன்கூட்டித் தெரியாதபோதும், வந்தவற்றில் ஒவ்வொன்றும் சமவாய்ப்போடு இடம்பெறும்படி செய்யும் தேக்க மாதிரியெடுப்பு என்ற பழைய நிரலாக்க உத்தி இங்கே பொருந்துகிறது. வந்தது எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டே போய், பிந்தி வருவதற்குக் குறைந்துகொண்டே போகும் நிகழ்தகவில் இடம் கொடுத்து, ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை வெளியேற்றுவதே அதன் முழுச் செயல்பாடு.

மேசைக் கணினிக்கு இது தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். அரைச் சுற்றல்லாத ஓர் எளிய பின்னலில் அதிகபட்சம் ஐந்து பிறப்பாக்கிகளே இருக்கும். ஒவ்வொன்றும் படியை ஒன்றுக்கு மேல் உயர்த்தாது. எனவே 50 காரணி நீளத்தில் விரிவு 250ஐத் தாண்டாது. மட்டு 5இல் ஒரு கெழுவுக்கு ஒரு பைட் என்றால், ஒன்பது கோவைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.3 கிலோபைட்டுகள். தொட்டிக்கு 10,000 பின்னல்கள், 251 தொட்டிகள் எல்லாமே நிறைந்துவிட்டன என்று கொண்டாலும் 6 கிகாபைட்டுக்குள் அடங்கும். அடுத்த நீளத்துக்குச் செல்ல, ஒவ்வொரு பின்னலையும் 3, 5 அல்லது 11 தெரிவுகளால் நீட்டிக்கும் ஒன்றரைக் கோடி அளவிலான சிறிய பெருக்கல்கள் தேவைப்படும். சி++ போன்ற மொழியில் நன்றாக எழுதினால் நிமிடக்கணக்கில் முடியும் வேலை. ஆக, 50 அல்லது 100 காரணி நீளம் என்பது இந்த வழியில் ஒரு நாளின் எல்லைக்குள் வருகிறது. முதல் வழி நீளம் 20க்கு மேல் செல்ல முடியாமல் நின்றதை நினைத்தால் இந்த வேறுபாட்டின் அளவு புரியும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்மையானது. ஒன்றும் கிடைக்காவிட்டால் இந்த வழி உங்களிடம் எந்தத் தேற்றத்தையும் விட்டுச்செல்வதில்லை. 'இத்தனை நாள் தேடினேன், கிடைக்கவில்லை' என்பதை ஆய்வுக் கட்டுரையின் முடிவாக எழுத முடியாது. ஆய்வேட்டுக்குக் காலக்கெடு உள்ள மாணவர் இதை மனத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக அவர் பிகலோவின் வழியைத் தேர்ந்தால் அது முற்றிலும் நியாயமானது என்பேன். நரம்பு வலைப்பின்னல் ஒன்றைப் பயிற்றுவித்து வழிகாட்டச் செய்யலாம் என்ற எண்ணமும் இன்று பலருக்கு எழும். வெற்றி என்ற நிகழ்வு ஒருமுறைகூட நேராத இடத்தில் வலைப்பின்னல் எதிலிருந்து கற்கும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மட்டு 2இலும் 3இலும் கற்றது முழுவெண்களுக்குச் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதவரை, படி விரிவு என்ற இந்த எளிய அளவுகோலையே நான் முதலில் நம்புவேன்.

வழியைத் தேர்ந்த பின்னும் கெழுக்களைப் பற்றிய தேர்வு எஞ்சியிருக்கிறது. அது இரண்டாம் நிலைத் தேர்வு அல்ல. முழுவெண் கெழுக்களில் உட்கருவில் இருக்கும் பின்னல் எதுவும் ஒவ்வொரு பகா எண்ணின் மட்டிலும் உட்கருவில்தான் இருக்கும். மறுதலை உண்மையல்ல. மட்டு எண் சிறிதாக இருக்கும்போது கெழுக்கள் தற்செயலாகவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. ஆகவே விரிவு குறைந்த பின்னல்கள் அடிக்கடி எதிர்ப்படும். முழுவெண்களில் அந்தத் தற்செயல் அரிது. எனவே நிரலை மட்டு 2இலும் 3இலும் ஓட்டிப் பார்த்து, ஏற்கெனவே உண்டு என்று தெரிந்த உட்கருவை அது தானாகக் கண்டெடுக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது முதல் கடமை. அடுத்து மட்டு 5. அதன் பிறகே 7இலும் முழுவெண்களிலும் இறங்க வேண்டும். விடை தெரிந்த இடத்தில் தவறும் நிரல் விடை தெரியாத இடத்தில் காட்டும் மௌனத்துக்குப் பொருளே இல்லை.

இங்கே ஆசைப்படத்தக்க ஒரு குறுக்கு வழி இருப்பதாகத் தோன்றலாம். மட்டு 2இன் உட்கருவில் ஒரு பின்னலையும் மட்டு 3இன் உட்கருவில் ஒன்றையும் எடுத்து அவற்றின் பரிமாற்றுச் சொல்லை எழுதினால், அது இரண்டு உட்கருக்களிலும் இருக்கும். ஆக மட்டு 6 முடிந்தது. மட்டு 5ஐயும் அப்படியே சேர்த்தால் மட்டு 30. மட்டு 5இல் அலகாகும் பின்னலை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் மட்டு 25இல் அலகாகும். பின்னல் குலத்தில் முடிவுற்ற வரிசையுள்ள உறுப்பு இல்லை என்பதால் அந்த அடுக்கு அற்பமாகிவிடுவதும் இல்லை. இப்படி 2, 3, 5 ஆகியவற்றை மட்டுமே காரணிகளாகக் கொண்ட எந்த எண்ணின் மட்டிலும் உட்கரு உண்டு என்பது உடனே கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் பின்னல் மிக நீண்டு, கெழுக்கள் பெருகிக்கொண்டே போகும். முழுவெண்களில் அலகு அணியை இந்த ஏணி ஒருநாளும் எட்டாது. பகா எண்களை ஒவ்வொன்றாக வெல்வதன் பயன், எந்த அமைப்புள்ள பின்னல்களில் அழிதல் நிகழ்கிறது என்பதைக் கற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. அந்தப் பயன் பெரிது என்றே கருதுகிறேன். மட்டு 7இல் ஒரு பின்னல் கிடைத்தாலும் அதை மகிழ்ச்சியோடு வெளியிடலாம்.

மிதவைப் புள்ளி எண்களைப் பற்றி ஒரே சொல். மாறிக்கு அலகு வட்டத்தில் ஒரு சிக்கலெண்ணை இட்டு, அணி அலகை நெருங்குகிறதா என்று பார்ப்பது எளிதாகத் தோன்றினாலும், நூறு பெருக்கல்களுக்குப் பின் சேரும் பிழையும் உண்மையான நெருக்கமும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். துல்லியமான முடிவுற்ற களக் கணக்கு இதே வேகத்தில் கிடைக்கும்போது இதற்குத் தேவையே இல்லை.

மென்பொருளைப் பொறுத்தவரை தேர்வு கடினமன்று. சேஜ்மேத் இலவசமானது, பின்னல் குலங்கள், பூராவ் அணிகள், நியம வடிவங்கள் எல்லாம் அதில் ஆயத்தமாக உள்ளன. மாக்மாவிலும் இவை உண்டு, ஆனால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டுமே கோடிக்கணக்கான பெருக்கல்களுக்கு ஏற்றவை அல்ல. தேடும் நிரலை 22 அணிகளையும் அண்டை விதி அட்டவணையையும் மட்டும் கொண்டு சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்த அட்டவணையைச் சேஜ்மேத்தில் உருவாக்கி, 22, 164, 982, 5,528 என்ற எண்ணிக்கைகள் சரியாக வருகின்றனவா என்று ஒப்பிட்டுக்கொண்டால், பின்னால் வரக்கூடிய பல இடர்கள் தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.

ஆக, ஒரு கணினியும் சில மாதங்களும் உள்ளவருக்கு நான் பரிந்துரைப்பது நான்காவது வழியைத்தான். மட்டு 2இல் தொடங்கி மேலே செல்லும் வரிசையில். ஹாஷ் அட்டவணையோடு கூடிய முதல் வழியை நீளம் 8 அல்லது 10 வரை ஒருமுறை ஓட்டி, இரு நிரல்களும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கப் பயன்படுத்தலாம். தொட்டிகளின் மிகக் குறைந்த விரிவை நீளத்துக்கு எதிராக ஒரு வரைபடமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து ஏறுமுகமாகவே இருந்து, தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினாலும் அசையாமல் நின்றால், அந்த மட்டில் இந்த வழி தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கொண்டு, சிறிய விரிவுள்ள பின்னல்களை எடுத்து அவற்றின் வளைகோடுகளை வரைந்து, மூன்றாவது வழிக்கு மாறிக்கொள்வது நல்லது. நான்காவது வழி தொலைவில் கண்டெடுத்ததைச் சுற்றி மூன்றாவது வழியின் முழுமையான தேடலை நடத்துவதே, இந்த இரண்டையும் இணைப்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த முறை.

முழுவெண் கெழுக்களில் ஒரு பின்னல் கிடைத்துவிட்டால் செய்ய வேண்டியவை இரண்டு. அதன் பூராவ் அணி முழுக் கோவைகளோடு அலகு அணிதானா என்று தேடல் நிரலோடு தொடர்பில்லாத வேறொரு நிரலால் கணக்கிட வேண்டும். பின்னர், அந்தப் பின்னல் உண்மையில் அற்பமானதல்ல என்று காட்ட வேண்டும். இதற்கு நியம வடிவமே போதும்; இன்னொரு சாட்சி வேண்டுமானால், பின்னல்களுக்கு அணிகளைத் தரும் மற்றொரு முறையான லாரன்ஸ்–கிராமர் உருவகத்தைப் பயன்படுத்தலாம். அது ஒன்றுக்கொன்றானது என்பதை நான்கு இழைகளுக்குக் கிராமர் 2000இலும், எல்லா இழைகளுக்கும் அவரும் பிகலோவும் தனித்தனியே அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் நிறுவினர். நான்கு இழைகளுக்கு அது ஆறு வரிசை அணிதான். சேஜ்மேத் அதையும் நேரடியாகத் தருகிறது. இந்த இரு கணக்குகளும் முடிந்தவுடன் பின்னலின் சொல்லை எழுத்து எழுத்தாக வெளியிடலாம். ஜோன்ஸ் கோவையால் காண முடியாத முடிச்சை அதிலிருந்து கட்டியெழுப்பும் வேலை அங்கிருந்து தொடங்கும்.